சாமியறையில் ஒரு சோடிச் சப்பாத்து

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். உதைபந்தாட்டத்தைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஒரு விளையாட்டுக்காரன் எங்கள் வீட்டு மேல் அறையில் குடியிருந்தான். விரதம் பிடித்ததற்காக அவனைக் கோழை என்றார்கள். அவனுடைய சப்பாத்தைச் சாமிக்கு முன்னால் வைத்ததற்காக எனக்கு விசர் என்றார்கள். இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் எழுதுகிறேன். பதில் என்றால் மன்னிப்பு என்று நினைக்க வேண்டாம். அப்படி ஒன்றும் என்னிடம் இல்லை.

எங்கள் வீடு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் கலியாணம் கட்டிப் போன பிறகு மேலே ஓர் அறை சும்மா கிடந்தது. என் கணவர் கிழமை நாட்களில் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்கிறார். சனிக்கிழமைகளில் கிழக்கு லண்டனிலுள்ள ஒரு சின்ன உதைபந்தாட்டக் கழகத்தில், மஞ்சள் ஜக்கற் போட்டுக்கொண்டு சனத்தைக் காவல் பார்க்கிற வேலை. அந்த வேலையில் ஒரு கொடுமை உண்டு. மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பார்க்க வந்தவர்களின் முகத்தைப் பார்த்தபடியே நிற்க வேண்டும். திரும்பினால் சூப்பவைசர் ஏசுவான். எத்தனையோ வருடமாக அங்கே நிற்கிற மனிதர் ஒரு கோலைக்கூடத் தன் கண்ணால் கண்டதில்லை. சனத்தின் முகம் விரிந்தால் எங்கள் பக்கம் அடித்துவிட்டது, சுருங்கினால் மற்றப் பக்கம் அடித்துவிட்டது. அவருக்குத் தெரிந்த உதைபந்தாட்டம் அவ்வளவுதான்.

அந்தக் கழகத்தில் வெளியூர் ஆட்டக்காரர்களுக்குத் தங்க வீடு தேடிக் கொடுக்கிற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். புதிதாக ஒரு இஸ்ரேல்காரன் வந்திருக்கிறான், முன்னுக்கு நின்று கோல் அடிக்கிறவன், பன்றி இறைச்சி சமைக்காத வீடாகப் பார்க்கிறேன் என்று இவரிடம் சொல்லியிருக்கிறாள்.

"பண்டியோ? எங்கட வீட்டில கோழிமுட்டைகூட வாசல்படி தாண்டாது" என்று இவர் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்து, அதன் பிறகுதான் என்னிடம் கேட்டார்.

"இஞ்சேரப்பா, மேல் அறைக்கு ஒரு ஆள் வருது. ஓம்தானே?"

"வருது எண்டு சொல்லிப்போட்டு ஓமோ எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

அவன் வந்த அன்று நான் கதவைத் திறந்தபோது, முதலில் தெரிந்தது நெஞ்சுதான். முகத்தைப் பார்க்க நிமிர வேண்டியிருந்தது. முப்பது வயது, கறுத்தத் தாடி, இரண்டு பெரிய பைகள். வாசலில் வரிசையாகக் கிடந்த எங்கள் செருப்புகளைப் பார்த்தான். யாரும் சொல்லாமலே குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றி அந்த வரிசையின் கடைசியில் வைத்தான். எனக்கு அது போதும். வீட்டுக்குள் எப்படி நுழைகிறான் என்பதில் ஒருவனை எனக்குப் பாதி விளங்கிவிடும்.

இரண்டாம் நாள் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டு வந்து காட்டினான். ஒரு விரல் அளவு இருக்கும். அவன் யூதன்; உள்ளே அவர்களுடைய வேத வசனம் சுருட்டி வைத்திருக்கிறதாம், அறை வாசல் நிலையில் அடிக்க வேண்டுமாம், ஆணி அடிக்கலாமா என்று கேட்டான். எங்கள் முன் வாசலில் மாவிலைத் தோரணமும் எலுமிச்சங்காயும் தொங்குகிறது. கதவுக்குக் கதவு காவல் இருந்தால் வீட்டுக்குத்தானே நல்லது. "அடி மோனை" என்றேன்.

அவனும் நானும் பேசியது ஓட்டை இங்கிலீசில். அவனுடையது கொஞ்சம் பெரிய ஓட்டை, என்னுடையது கொஞ்சம் சின்ன ஓட்டை என்று இவர் பகிடி பண்ணுவார். இங்கே எல்லாவற்றையும் என் தமிழில்தான் எழுதுகிறேன். நான் அவனைத் தம்பி என்பேன். அவன் என்னை அன்ரி என்பான்.

கழகத்தில் சாப்பாட்டுக்கென்று ஒரு ஆள் இருக்கிறானாம். கோழி சாப்பிட வேண்டும், மீன் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் காலில் பலம் இராது என்று சொல்லி அனுப்பினான். நான் உழுந்தும் பயறும் கடலையும் பருப்புமாகச் சமைத்துப் போட்டேன். "உங்கட ஆளிட்டைச் சொல்லு, மாடு என்ன கோழி திண்டே அந்த உடம்பு வைச்சது" என்றேன். அவன் சிரித்துச் சிரித்து அதைப் போய் அங்கே சொல்லியும் இருக்கிறான். அவன் வழக்கத்துக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாடு வசதி. இறைச்சி எப்படி வெட்டியது, எந்தச் சட்டியில் வைத்தது என்று எதையும் கேட்கத் தேவையில்லை. கொஞ்ச நாளில் கரண்டியை விட்டுவிட்டுக் கையால் குழைத்துச் சாப்பிடத் தொடங்கினான். முதலில் உள்ளங்கை வரை அப்பிக்கொள்வான். போகப் போக விரல் நுனியோடு நின்றது.

அந்தக் குசினி மேசையில்தான் அவனுடைய கதையைத் துண்டு துண்டாகக் கேட்டேன். கடற்கரையோடு இருக்கிற ஒரு சின்ன ஊர் அவனுடையது. தகப்பன் இங்கே இங்கிலாந்தில் பிறந்தவர் என்றபடியால் அவனுக்கு விசாப் பிரச்சினை இருக்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்குப் பெருமூச்சு வந்தது. நாங்கள் அந்தக் கடுதாசிக்காக எத்தனை வாசலில் நின்றவர்கள். அவன் தன் நாட்டில் நன்றாக அடித்தான். பெல்ஜியத்துக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். அங்கிருந்து சைப்பிரசுக்கு, பிறகு கிரேக்கத்துக்கு, பிறகு ஹங்கேரிக்கு. ஒவ்வொரு இடத்திலும் வரும்போது மாலை போடாத குறை. கோல் வராத காலம் வந்ததும் பெயரைக்கூட மறந்துவிடுவார்கள்.

"அன்ரி, பின்னுக்கு நிக்கிறவன் பிழை விட்டால் மற்றவன் காப்பாத்துவான். நடுவில நிக்கிறவன் களைச்சால் ஒருதருக்கும் தெரியாது. நான் அடிச்சனோ இல்லையோ எண்டுறது ஒண்டுதான் என்னட்டை எல்லாரும் கேக்கிறது."

சில நாட்களில் ரிவியில் அவன் நாட்டுப் பக்கத்துச் செய்தி போகும். இடிந்த வீடுகள், துணியில் சுற்றிய பிள்ளைகள். நான் பார்த்து அழுதிருக்கிறேன். அவன் எழுந்து, தன் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விடுவான். நான் ஒன்றும் கேட்டதில்லை. எங்கள் ஊர்ச் சண்டையைப் பற்றி வேலையிடத்தில் யாராவது கேட்டால் நானும் அப்படித்தான் எழுந்து போவேன்.

கோயில் மடப்பள்ளியில் என்னோடு காய்கறி வெட்டுகிற ஒரு பெண் கேட்டாள். "அக்கா, எந்த நாட்டுக்காரனை வீட்டுக்குள்ள வைச்சிருக்கிறியள்? ரிவி பாக்கிறேல்லையோ?"

"பாக்கிறனான். என்ரை வீட்டில இருக்கிறவன் பந்து அடிக்கிறவன். குண்டு போடுறவன் இல்லை."

"எண்டாலும்..."

"என்ன எண்டாலும்? நாங்கள் வந்த புதிதில எங்களுக்கும் வீடு தராமக் கதவைச் சாத்தினவை. உங்கட ஆக்கள் அப்பிடிச் செய்யினம், இப்பிடிச் செய்யினம் எண்டு சொல்லித்தான் சாத்தினவை. நீயும் நானும் பிளாற்றுக்கு வெளியில பையோட நிண்டது மறந்து போச்சோ?"

அவள் கத்தரிக்காயைத் தேவைக்கு மேலே பொடியாக வெட்டினாள்.

வந்து இறங்கியதிலிருந்து அவனுக்குக் கோல் விழவில்லை. வெளியில் குந்த வைத்தார்கள். இடைக்கிடை கடைசி நேரத்தில் இறக்குவார்கள். அடித்தால் கம்பத்தில் படும், இல்லாவிட்டால் வானத்துக்குப் போகும். இது கண்ணூறு என்று எனக்கு விளங்கிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவனைக் கதிரையில் இருத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் வேப்பிலையும் எடுத்துத் தலையைச் சுற்றி நாவூறு கழித்து அடுப்பில் போட்டேன். மிளகாய் வெடித்தது. அதோடு புகை மணி வீடே அதிரக் கத்தத் தொடங்கியது. அவன் கதிரையில் ஏறி நின்று கையால் விசிறுகிறான், இவர் தும்மிக்கொண்டு யன்னலைத் திறக்கிறார், பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறாள்.

மறுநாள் கோல் அடித்தான். அடுத்த கிழமையும் அடித்தான். நாவூறுதான் காரணம் என்று நான் சொன்னேன். மற்ற ஆட்டக்காரனுக்கு முழங்கால் போனதால் இவனுக்கு முழு நேரமும் கிடைத்தது, அதுதான் காரணம் என்று இவர் சொன்னார். எதுவாக இருந்தாலும் அவனுக்கு அணியில் ஒரு இடம் வந்துவிட்டது. இந்த வயதில் வந்த இடம் போனால் இனி வராது என்று அவனே சொன்னான். கோடையோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் இங்கே காட்டினால்தான் அடுத்த வருடம் ஏதாவது ஒரு நாட்டில் வேலை.

அப்படி இருக்கும்போதுதான் அவர்களுடைய பெரிய விரத நாள் சனிக்கிழமையில் வந்து விழுந்தது. அன்று பின்னேரம் மூன்று மணிக்கு ஆட்டம்.

யோம் கிப்பூர் என்று அந்த நாளுக்குப் பெயர். முதல் நாள் பொழுது படத் தொடங்கி மறுநாள் நட்சத்திரம் தெரியும் வரை விரதம். செய்ததற்கெல்லாம் கடவுளிடம் கணக்கு ஒப்புவிக்கிற நாளாம். அவன் மற்ற நாட்களில் அவ்வளவு பக்தி என்று சொல்ல முடியாது. சனிக்கிழமைகளில் விளையாடுகிறவன்தான். ஆனால் இந்த ஒரு நாளை விடமாட்டான். அதற்குக் காரணத்தையும் எனக்குச் சொன்னான். பெல்ஜியத்தில் சின்ன வயதில் இருந்தபோது, கோச் கட்டாயப்படுத்த அந்த நாளில் விளையாடினான். கோலும் அடித்தான். ஆட்டம் முடிந்து தாயோடு கதைத்தபோது தாய் ஏசவில்லை. "தண்ணி குடிச்சனியோ?" என்று மட்டும் கேட்டிருக்கிறா. ஓம் என்றிருக்கிறான். அதற்குப் பிறகு தாய் வேறு கதைக்குப் போய்விட்டா. அது அடி வாங்குவதை விட மோசம் என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாட்டிலும், அந்த நாளில் ஆட்டம் வந்தால் தொடை பிடித்துவிட்டது என்று சொல்லிப் படுத்துவிடுவானாம்.

"இந்த முறையும் அதைத்தானே சொல்லலாம்?" என்று இவர் கேட்டார்.

"அங்கிள், விரதம் இருக்கப் பொய் சொல்லிப்போட்டு, அந்த விரதத்திலயே பொய்க்கு மன்னிப்புக் கேக்கிறன். ஒவ்வொரு வருசமும் இதுதான் நடக்குது. வெக்கமாக் கிடக்கு. இந்த முறை உண்மையைச் சொல்லப் போறன்."

வியாழக்கிழமை போய் மனேஜரிடம் சொன்னான். மனேஜர் கெட்ட மனிதர் இல்லை. அவரே கதவைச் சாத்திவிட்டு, "தொடை பிடிச்சிட்டுது எண்டு நான் எழுதிவிடுறன். சனமும் முதலாளியும் ஒண்டும் கேளாயினம். உன்ரை இடம் உனக்கிருக்கும்" என்றாராம். இவன் வேண்டாம் என்றுவிட்டான். அடுத்த நாளே செய்தி வெளியில் வந்துவிட்டது. சாப்பிடாமல் இருக்கப் போகிறானாம், அதனால் வேலைக்கு வரமாட்டானாம் என்று போனில் எழுதித் தள்ளினார்கள். கோழை, சோம்பேறி, இன்னும் என்னவோ எல்லாம். அவன் நாட்டை இழுத்தும் எழுதினார்கள். நான் அவற்றை இங்கே எழுதமாட்டேன். என் பேனாவுக்கு அது தேவையில்லை.

இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு நவராத்திரியின் ஒன்பதாம் நாள், ஆயுத பூசை. எங்கள் வீட்டுச் சாமியறை படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற அலுமாரிதான். கவுன்சில்காரன் வக்கியூம் மெசின் வைக்கக் கட்டிக் கொடுத்த இடத்தில் அம்பாள் இருக்கிறா. ஒவ்வொரு வருடமும் அவரவர் தொழிலுக்குரிய பொருளை அவவுக்கு முன்னால் வைப்போம். என்னுடைய அகப்பையும் தையல் கத்தரிக்கோலும், இவருடைய தபால் வேலை அடையாள அட்டை, மகன் விட்டுப் போன மிருதங்கம். வைத்தால் மறுநாள் விசயதசமிப் பூசை முடியும் வரை ஒருவரும் தொடக் கூடாது. இவருக்குச் சனிக்கிழமை வேலை என்பதால் எங்கள் வீட்டில் அந்தப் பூசை பின்னேரம் இவர் வந்து குளித்த பிறகுதான்.

சந்தனம் அரைத்துக்கொண்டு இருக்கும்போதுதான் எனக்கு நினைவு வந்தது. இந்த வீட்டில் உழைக்கிற இன்னொருத்தன் இருக்கிறான். அவனுடைய ஆயுதம் எங்கே?

மேலே போய்க் கேட்டேன். அவன் கட்டிலுக்குக் கீழேயிருந்து பழைய சோடி ஒன்றை எடுத்துத் தந்தான். தோல் சப்பாத்து, அடியில் முள்ளு முள்ளாக இருக்கும். பெல்ஜியத்திலிருந்து அவனோடு வருகிறது. எத்தனை புதுச் சோடி கொடுத்தாலும் ஆட்டத்துக்கு அதைத்தான் போடுவான். கொண்டுபோய்த் தோட்டத்துப் பைப்பில் பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு முள்ளாக மண் போகத் தேய்த்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். உள்ளே கொண்டு வரவும் இவர் வேலையால் வரவும் சரியாக இருந்தது.

"எங்கை உந்தச் சப்பாத்தைக் கொண்டு போறாய்?"

"சாமியறைக்கு."

"உனக்கென்ன விசரே? செருப்பைச் சாமிக்கு முன்னால வைக்கிறதோ? ஊரில இப்பிடிச் செய்தால் அடிச்சுக் கலைப்பாங்கள்."

"இது செருப்பில்லை. ஆயுதம்."

"தோல் அப்பா அது! தோல்!"

"மிருதங்கத்துக்கு என்ன, பட்டுத் துணியே கட்டியிருக்கு? உங்கட மகன்ரை மிருதங்கம் மாட்டுத்தோலோட இருபது வருசமா அம்பாளுக்குப் பக்கத்தில இருக்குது. அவ எழும்பிப் போகேல்லை."

இவர் குனிந்து மிருதங்கத்தைப் பார்த்தார். பிறகு, "வாசல்பக்கமா வை. படத்துக்குக் கிட்ட வையாதை" என்றார். நான் அகப்பைக்குப் பக்கத்தில்தான் வைத்தேன். சந்தனப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் பயம் இருந்தது. அம்பாளின் முகத்தைப் பார்த்தேன். அவ எப்போதும் போலத்தான் இருந்தா.

அவன் வந்து வாசலில் நின்று பார்த்தான். பிறகுதான் சொன்னான், அவர்களுடைய விரத நாளில் தோல் சப்பாத்து போடக் கூடாதாம்.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றேன். "உனக்கும் போடக் கூடாது, எனக்கும் எடுக்கக் கூடாது. கிடக்கட்டும்."

பொழுது பட முன் அவன் சாப்பிட்டு முடிக்க வேண்டும். நான் விடுவேனா? கத்தரிக்காய்க் குழம்பு, பாவற்காய்ப் பொரியல், மோர்மிளகாய், எலுமிச்சை ஊறுகாய், அப்பளம். நாளைக்குப் பசி கிடக்கப் போகிற பிள்ளை என்று அள்ளி அள்ளி வைத்தேன். அவன் ஏதோ சொல்ல வந்தான், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சாப்பிட்டான்.

விடியக் காலமை எழும்பி, எங்கள் விரதத்துக்கு வைக்கிற மாதிரி ஒரு பேணியில் பாலும் வாழைப்பழமும் ஒரு போத்தல் தண்ணீரும் அவன் கதவடியில் வைத்தேன். கதவு திறந்தது.

"அன்ரி, இதொண்டும் ஏலாது."

"பால் பழம்தானே மோனை. சோறில்லையே."

"தண்ணியும் ஏலாது."

"தண்ணியுமோ?"

"தண்ணியும்தான்." நாக்கை வெளியே நீட்டிக் காட்டினான். காய்ந்த பாவற்காய் மாதிரி இருந்தது. "இந்த விரதத்துக்கு முதல் எங்கட வீட்டில உப்பில்லாமச் சாப்பிடுவம். உறைப்பே கிட்டவும் வராது. தண்ணி விடாய்க்கும் எண்டுதான்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே குந்திவிட்டேன். மோர்மிளகாயைப் பொரித்துக் கொடுத்தேனே பாவி!

"ஏன் மோனை ராத்திரியே சொல்லேல்லை?"

"நீங்கள் கஸ்ரப்பட்டுச் சமைச்சிருந்தியள்" என்றான். பிறகு சிரித்தான். "எங்கட ஆக்களில இந்த விரதத்தை இவ்வளவு வடிவாப் பிடிச்சவன் ஒருதனும் இருக்கமாட்டான்."

பத்து மணி போல வாசல் மணி அடித்தது. திறந்தால் மனேஜர். கழகத்தின் கோட்டோடு, முகம் சிவந்து நிற்கிறார். இவனுக்குப் பதிலாக விளையாட இருந்தவன் வாந்தி எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கிறானாம்.

"எனக்கு உங்கட பெடியன் வேணும்" என்றார்.

"பெடியன் இல்லை, முப்பது வயசு ஆம்பிளை. மேல இருக்கிறான். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கழற்றினார். ஒரு சொக்ஸின் நுனியில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. குசினியில் இருத்தித் தேநீரும் முதல் நாள் பூசைக் கடலையும் கொடுத்தேன். மேலே ஒருவன் எச்சிலும் விழுங்காமல் கிடக்கிறான், கீழே மனேஜர் கடலை கொறிக்கிறார். இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார். அந்த மனிதருக்கும் காலமையில் இருந்து பச்சைத் தண்ணீர் இறங்கியிருக்காது போல.

"நீங்கள் சொன்னால் கேப்பான்" என்றார்.

"நான் சொல்லமாட்டன்."

"ஒரு ஆட்டம், அம்மா. முடிஞ்ச பிறகு விடிய விடியப் பட்டினி இருக்கட்டும்."

"அவன்ரை சப்பாத்து சாமியிட்ட இருக்கு. பின்னேரம் பூசை முடியுமட்டும் எடுக்கேலாது."

சாமியறைக் கதவைத் திறந்து காட்டினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்பாளுக்கு முன்னால், மிருதங்கத்துக்கும் அகப்பைக்கும் நடுவில், சந்தனப் பொட்டோடு தன் ஆட்டக்காரனின் சப்பாத்து இருப்பதை அந்த மனிதர் கண்டார். தலையைச் சொறிந்தார்.

"என்னட்டை வேற சப்பாத்து இருக்கு" என்றார் கடைசியில். ஆனால் குரலில் பழைய உரம் இல்லை.

படியில் சத்தம் கேட்டது. அவன் இறங்கி வந்தான். காலில் என்னுடைய நீலக் குளியலறைச் செருப்பு. குதிக்கால் பாதி வெளியே நின்றது.

"சப்பாத்துப் பிரச்சினை இல்லை, பொஸ். நான் வரமாட்டன்."

"தொடை பிடிச்சிட்டுது எண்டு சொல்லுவம். இப்பவும் நேரம் இருக்கு. ஒருதனும் உன்னை ஏசமாட்டான்."

"என்ரை தொடைக்கு ஒண்டுமில்லை."

"அப்ப நான் அங்கை போய் என்னத்தைச் சொல்லுறது?"

"விரதம் எண்டு சொல்லுங்கோ. அதுதான் உண்மை."

மனேஜர் கோட்டின் சிப்பை இழுத்துப் பூட்டினார். "இண்டைக்கு வராட்டி, திங்கக்கிழமை நீ சின்னப் பெடியளோடதான் ஓட வேண்டி வரும். எனக்கு வேற வழியில்லை."

"ஓடுறன்" என்றான்.

அவர் வாசலில் குனிந்து சப்பாத்துக் கட்டும்போது என்னைப் பார்த்து, "கடலைக்கு நன்றி" என்றார். கதவைச் சாத்தினேன். அவனுடைய இடம் போய்விட்டது. கோடைக்குப் பிறகு என்ன செய்வான்? அவனோ படியில் உட்கார்ந்து, இனி நிம்மதியாகத் தொழலாம் என்றான். பின்னேரம் வரை மேலேயிருந்து முணுமுணுப்பாக அவனுடைய பாட்டுக் கேட்டது. கீழே நான் எனக்குத் தெரிந்த சாமிப் பாட்டுகளைப் படித்தேன். ஒரே வீட்டில் இரண்டு பூசை. ஒன்றுக்கொன்று குறுக்கே வரவில்லை.

இவர் வந்தபோது முகம் சரியில்லை. தோற்றுவிட்டார்கள். சனம் அவனைத்தான் ஏசியதாம். அவ்வளவு ஏச்சையும் அவர்களுக்கு முகம் கொடுத்து நின்று கேட்டுவிட்டு வந்த மனிதர், நேரே போய்க் குளித்து, திருநீறு பூசி வந்து கற்பூரம் கொளுத்தினார். பூசை முடிந்தது. பின்கதவைத் திறந்து அவன் வானத்தைப் பார்த்தான். இரண்டு மூன்று நட்சத்திரம் தெரிந்தது. இவரே அந்தச் சப்பாத்தை எடுத்து, இரண்டு கையாலும் அவனிடம் கொடுத்தார். முதல் நாள் செருப்பு என்று கத்தியவர்தான். நான் தண்ணீர் கொடுத்தேன். அவன் குடித்த சத்தம் குசினி முழுக்கக் கேட்டது.

திங்கட்கிழமையிலிருந்து சின்னப் பெடியளோடு ஓடினான். கிழமைகள் போயின. சனிக்கிழமைகளில் ஆள் குறைந்தால் மட்டும் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளியில் குந்த வைத்தார்கள். கழகத்துச் சனம் அவனைப் பழிக்க ஒரு புது வழி கண்டுபிடித்தது. அவன் ஓரமாக நின்று உடம்பைச் சூடாக்கும்போது, உருளைக்கிழங்குக் கிறிஸ்ப்ஸ் பைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டு எல்லாரும் ஒரே குரலில் "சாப்பிட்டியா? சாப்பிட்டியா?" என்று கத்துவார்களாம். இவர் வந்து சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சனம் ஒருவரையொருவர் கண்டால் கேட்கிற முதல் கேள்வி அது. அதைவிட அன்பான கேள்வி எங்களிடம் இல்லை. அதைக்கூட ஏச்சாக மாற்ற இவர்களால் முடிந்திருக்கிறது.

கார்த்திகை விளக்கீடு வந்த நாட்களில், ஒரு சனிக்கிழமை, கால் முறிந்தவனும் காய்ச்சல்காரனுமாக ஆள் இல்லாமல் போய், கடைசி நேரத்தில் அவனை இறக்கினார்கள். இனி நடந்ததை இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் எத்தனையோ தரம் சொல்லிவிட்டார், நானே அங்கு நின்ற மாதிரி இருக்கிறது.

இவர் வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். முன்னால் அந்தக் கிறிஸ்ப்ஸ் கூட்டம். "சாப்பிட்டியா? சாப்பிட்டியா?" திடீரென்று ஒருவனுடைய வாய் திறந்தபடி நின்றது. பக்கத்தில் இருந்தவன் எழும்பினான். முகங்கள் விரியத் தொடங்கின. இத்தனை வருடமும் அந்த முகங்களைப் பார்த்து அறிந்துகொண்டவர், அன்று தன் வீட்டில் சாப்பிடுகிறவன்தான் பந்தோடு ஓடுகிறான் என்று அறிந்து, திரும்பிவிட்டார். முழு உடம்பாகத் திரும்பிவிட்டார். பந்து வலைக்குள் போவதைத் தன் கண்ணால் கண்டார்.

அவன் நேரே அந்தக் கூட்டத்தின் பக்கம் ஓடி வந்தான். மற்ற ஆட்டக்காரர் மாதிரி காதைப் பொத்தவில்லை, விரலைக் காட்டவில்லை. சனத்துக்கு முன்னால் நின்று, இடது கையைக் கோப்பையாகப் பிடித்து, வலது கையின் விரல் நுனியால் சோறு குழைத்து, உருட்டி, வாயில் வைத்தான். ஒரு பிடி. இன்னும் ஒரு பிடி. என்னுடைய குசினி மேசையில் சாப்பிடுகிற அதே சாப்பாடு. சனத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தார்கள். பிறகு கை தட்டினார்கள். இவர் மஞ்சள் ஜக்கற்றோடு நின்று அழுதிருக்கிறார்.

சூப்பவைசர் ஓடி வந்தான். "ஏன் திரும்பினாய்? உன்ரை வேலை என்ன?"

"எங்கட வீட்டுப் பெடியன்" என்று இவர் சொன்னார். அதற்குப் பிறகும் திரும்பவில்லை. அவன் நடுக்கோட்டுக்குப் போகும் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் திரும்பினார். கொஞ்ச நாள் இவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. பிறகு ஆள் போதாமல் கூப்பிட்டார்கள்.

அடுத்த ஆட்டத்தில் மனேஜர் அவனை முதலிலேயே இறக்கினார். இடம் திரும்பி வந்தது. ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. கோடையில் வடக்கே ஒரு குளிர் நாட்டிலிருந்து அவனைக் கேட்டார்கள். போகும்போது அந்தச் சின்னப் பெட்டியைக் கதவு நிலையிலிருந்து கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனான். அங்கே முதல் நாளே மனேஜரிடம் விரதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டானாம். இனித் தொடை பிடித்ததென்று பொய் சொல்லத் தேவையில்லை அன்ரி என்று போனில் சொல்லிச் சிரித்தான். பழைய சப்பாத்தின் அடி இங்கே இருக்கும்போதே வெடித்துவிட்டது. எறிந்துவிடுங்கோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

போன கிழமை மடப்பள்ளியில் அதே பெண் கேட்டாள், சுற்றிவர நாலு பேர் கேட்கத்தக்கதாக. "என்னக்கா, இந்த நவராத்திரிக்கும் சாமியறையில சப்பாத்தோ?"

"ஓம்" என்றேன். "கழுவிக் காயப்போட்டிருக்கு. வந்து பார்."

இவர் இம்முறை தன் மஞ்சள் ஜக்கற்றையும் வைக்க வேண்டும் என்று நிற்கிறார். தோய்த்துத் தந்தால் வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.